குறும்படத்துக்கு எந்த வயதுச் சான்றிதழ்? நெல்லை மாணவர்களுக்கான முழுமையான தணிக்கை வழிகாட்டி

பாளையங்கோட்டையிலும் அபிஷேகப்பட்டியிலும் விஸ்காம், ஊடகவியல் படிக்கிறவர்கள் கடைசி செமஸ்டரில் குறும்படம் எடுக்கும்போது, "இதுக்கு யு கிடைக்குமா, ஏ கொடுத்துருவாங்களா?" என்ற கேள்வி பெரும்பாலும் எடிட்டிங் முடிந்த பிறகுதான் எழுகிறது. அந்த நேரத்தில் கையில் மிஞ்சுவது கத்திரி மட்டும்தான். ஊர்க் கோயில் கொடை விழாவை ஒரே நீண்ட ஷாட்டாக எடுத்துவிட்டு, அதன் நடுவில் இருக்கும் பத்து நொடியை என்ன செய்வது என்று அப்போது யோசித்தால் ஷாட்டே போய்விடும். வயது வகையை ஸ்கிரிப்ட் மேசையிலேயே முடிவு செய்ய வேண்டும். அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: எங்கே திரையிடப் போகிறீர்கள்?

எல்லா மாணவர் படத்துக்கும் சான்றிதழ் தேவையில்லை. 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டம் பொதுத் திரையிடலுக்குத்தான் சான்றிதழ் கேட்கிறது. வகுப்பறையில் ஆசிரியர்களும் தேர்வாளரும் பார்த்து மதிப்பெண் போடுவது பொதுத் திரையிடல் ஆகாது.

வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ ஒரு தியேட்டரைக் காலைக் காட்சிக்கு வாடகைக்கு எடுத்து, போஸ்டர் ஒட்டி, ஊரை அழைத்தால் அது பொதுத் திரையிடல். டிக்கெட் இல்லை, இலவசம்தான் என்பது இங்கே காப்பாற்றாது. ஊர்க் கொடையில் கோயில் முன்னால் திரை கட்டிப் போடுவதும் அப்படித்தான். படம் எடுத்த ஊரிலேயே படத்தைக் காட்டுவது நல்ல ஆசை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது பொதுமக்கள் யாரும் வந்து உட்காரக்கூடிய இடம். சான்றிதழ் இல்லாமல் பொதுவில் காட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது.

திரைப்பட விழாக்களுக்கு வேறு வழி உண்டு. சான்றிதழ் இல்லாத படங்களை விழாப் பிரதிநிதிகளுக்கு மட்டும் காட்ட, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு அளிக்க முடியும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது விழா நடத்துகிறவர்கள், நீங்கள் இல்லை. படத்தை அனுப்பும் முன்பு "விலக்கு வாங்கிவிட்டீர்களா?" என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய விழாக்களில் இது பல நேரம் விட்டுப்போகிறது.

யூடியூபில் மட்டும் போடப் போகிறீர்கள் என்றால் தணிக்கை வாரியத்திடம் போக வேண்டியதில்லை. அங்கே வயதை நீங்களே குறிக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஆக, ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் "திரையிடும் இடம்" என்று ஒரு வரி எழுதுங்கள். வகுப்பும் யூடியூபும் மட்டும் என்றால் விண்ணப்பம் பற்றிய பகுதிகளைத் தாண்டிவிடலாம். காட்சிகளை மதிப்பிடும் பகுதி எல்லோருக்கும் வேண்டியது.

இரண்டாம் படி: வகைகளைச் சரியாகப் புரிந்துகொள்வது

1983 வரை இந்தியாவில் இரண்டே வகைகள்: எல்லோருக்கும் யு, பெரியவர்களுக்கு ஏ. அந்த ஆண்டு யு/ஏ, எஸ் இரண்டும் சேர்ந்தன. எஸ் என்பது மருத்துவர்கள் போன்ற குறிப்பிட்ட தொழில் பிரிவினருக்கு மட்டும். மாணவர் படத்துக்கு அது வேலைக்கு ஆகாது. 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 மார்ச்சில் புதிய சான்றளிப்பு விதிகள் வந்த பிறகு யு/ஏ மூன்றாகப் பிரிந்தது: யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+. பழைய பாடக் குறிப்புகளில் "12 வயதுக்குக் கீழ் பெற்றோர் வழிகாட்டுதல்" என்று இருந்தால் அது காலாவதியானது.

பலரும் இடறுவது இங்கேதான். யு/ஏ 16+ என்றால் பதினான்கு வயதுப் பிள்ளையைத் தியேட்டர்காரர் வாசலில் நிறுத்த வேண்டும் என்று பொருள் இல்லை. 7, 13, 16 மூன்றுமே பெற்றோருக்கான அறிவுரை. கூட்டிப் போகலாமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். ஏ மட்டும்தான் தடை. 18 வயது நிறையாதவர்களை ஏ படத்துக்குள் விட்டால் தியேட்டர் மீது நடவடிக்கை வரும்.

இதனால் மாணவர் படத்துக்கு உண்மையான கோடு யு/ஏ 16+க்கும் ஏவுக்கும் நடுவில்தான் இருக்கிறது. கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்களில் பலருக்கு 17 வயதுதான். உங்கள் படத்துக்கு ஏ வந்தால், தியேட்டரில் நடக்கும் உங்கள் திரையிடலுக்கு உங்கள் ஜூனியர்களே வர முடியாது. தொலைக்காட்சி வாசலும் அடைபடும். 2023 திருத்தத்தின்படி, ஏ படத்தை உரிய மாற்றங்களோடு யு/ஏ ஆக்கி மறுசான்று வாங்கினால்தான் டிவியில் போடலாம்.

குறும்படம்தானே, அவ்வளவு கவனமாகப் பார்ப்பார்களா என்ற நினைப்பு வேண்டாம். திரைத் தணிக்கை செல்லுமா என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1970இல் விசாரித்த இயக்குநர் கே. ஏ. அப்பாஸின் வழக்கு ஒரு குறும் ஆவணப்படத்தைப் பற்றியதுதான். அவர் யு கேட்டார். மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதியைக் காட்டும் ஷாட்களுக்காக முதலில் ஏ தான் கிடைத்தது. நீதிமன்றம் தணிக்கை முறையையே செல்லும் என்றது. அதே தீர்ப்பில், கலைக்கு இடம் கொடுத்து மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது.

மூன்றாம் படி: தணிக்கைக் குழு எதைப் பார்க்கிறது

1991 டிசம்பர் 6ஆம் தேதியிட்ட மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள்தான் அடிப்படை. அவற்றை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான். படத்தை முழுமையாக, அது விட்டுச்செல்லும் ஒட்டுமொத்தத் தாக்கத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதும், கதை நடக்கும் காலத்தையும் இன்றைய சமூக அளவுகோல்களையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டுள்ளன. குழுவிடம் பேசும்போது உங்களுக்குப் பிடிமானம் இந்த இரண்டு வரிகள்தான்.

தவிர்க்கச் சொல்லும் விஷயங்களும் அதிலேயே உள்ளன: குழந்தைகள் வன்முறைக்கு ஆளாவது, வன்முறை செய்வது, அதைக் கட்டாயமாகப் பார்க்க வைக்கப்படுவது, மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்வது, விலங்குகளை வதைப்பது, குடியை நியாயப்படுத்துவது, பெருமைப்படுத்துவது, போதைப் பழக்கத்தைக் கவர்ச்சியாக்குவது, பெண்களை இழிவுபடுத்துவது, சாதி, மதப் பிரிவினரை இழித்துப் பேசுவது. இவற்றில் பலவற்றின் முன்னால் "தேவையில்லாமல்" என்ற பொருளில் ஒரு சொல் நிற்கிறது. உங்கள் காட்சி தேவையானது என்று காட்ட முடிந்தால் கதவு திறந்தே இருக்கிறது.

தமிழ்ப் படம் ஒன்றின் யு சான்றிதழை எதிர்த்து வந்த எஸ். ரங்கராஜன் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோலும் உதவும்: சட்டென்று மிரண்டுபோகும் மனதை வைத்துப் படத்தை எடைபோடக் கூடாது, நிதானமும் நியாய புத்தியும் உள்ள சராசரி மனிதர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: காட்சித் தாள்

ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஒரு தாள் போடுங்கள். ஓடிடி தளங்களுக்கான 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளில் எட்டு தலைப்புகள் உள்ளன: பாகுபாடு, போதைப்பொருள்–மது–புகையிலை, பார்த்துச் செய்யத் தூண்டும் செயல், மொழி, நிர்வாணம், பாலுறவு, வன்முறை, அச்சம். தியேட்டர் படத்துக்கு இவை நேரடியாகப் பொருந்தும் விதிகள் இல்லை. ஆனாலும் வயது வகைகள் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் சோதனைக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

ஒவ்வொரு காட்சிக்கும் நேரம், என்ன நடக்கிறது, எந்தத் தலைப்பு, எத்தனை நொடி, அதன் விளைவு படத்தில் தெரிகிறதா என்று எழுதுங்கள். இப்படி:

காட்சி 4, 3:10–3:40. டீக்கடை பெஞ்சில் மாமா பீடி பிடிக்கிறார். புகையிலை. கட்டின் லேபிள் தெரிகிறது.
காட்சி 7, 6:05–7:20. கொடைப் பந்தல், காவு. வன்முறை, விலங்கு. ரத்தம் ஷாட்டில் இல்லை.
காட்சி 9, 9:00–9:35. பையன்கள் பாலத்தில் இருந்து ஆற்றில் குதிப்பு. பார்த்துச் செய்யும் ஆபத்து. விளைவு இல்லை.
காட்சி 11, 12:15–12:29. அண்ணன் தம்பியை பெல்ட்டால் அடிக்கிறான். குழந்தை மீது வன்முறை. தம்பியின் முகம் குளோசப்பில்.

தாளைப் பார்த்தால் வகை ஓரளவு தானாகத் தெரியும். பெரும்பாலும் மிகக் கனமான ஒரே காட்சிதான் முழுப் படத்தையும் மேலே இழுக்கும். மேலே உள்ள படத்தில் அது 11ஆம் காட்சி, பதினான்கு நொடிதான். கேமரா வாசலில் நின்று, மூடிய கதவையும் சத்தத்தையும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் முகத்தையும் காட்டினால், கதை ஒரு அங்குலமும் நகராமல் வகை ஒரு படி இறங்கலாம். அந்த ஒரு காட்சியை இரண்டு விதமாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு நாளில் கூடுதலாகப் போவது அரை மணி நேரம்தான்.

நம் ஊர்ப் படங்களில் அடிக்கடி வரும் சிக்கல்கள்

*பீடி.* இது நெல்லைக்கே உரிய பிரச்சினை. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் படம் எடுத்தால் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் ஃபிரேமுக்குள் வராமல் இருக்க மாட்டார்கள். யாரும் புகைக்கவில்லை, சும்மா சுற்றுகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். புகையிலைப் பொருள் கண்ணில் பட்டாலே விதி பொருந்தும். புகைப்பதற்கு மட்டும் உள்ளது இல்லை அது. ஆச்சி வெற்றிலை போடும் காட்சியில் புகையிலைத் துண்டு தெரிந்தாலும் இதே கதைதான். வெறும் வெற்றிலை பாக்கு என்றால் பிரச்சினை இல்லை.

2012இல் இருந்து நடைமுறையில் உள்ள விதிகளின்படி, புகையிலை காட்டும் படத்தில் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 நொடி விழிப்புணர்வுக் குறும்படம் வேண்டும். இரண்டு இடத்திலும் குறைந்தது 20 நொடி ஒலி-ஒளி எச்சரிக்கையும் வேண்டும். புகையிலை திரையில் தெரியும் நேரம் முழுக்கக் கீழே எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும், அதுவும் படத்தின் மொழியிலேயே, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில். கூட்டினால் 100 நொடி. இரண்டரை மணி நேரப் படத்துக்கு அது ஒன்றுமில்லை. பன்னிரண்டு நிமிடக் குறும்படத்தின் சரிபாதியில் 50 நொடி நிறுத்தி வைத்தால் படத்தின் மூச்சே போய்விடும். இதற்கு மேல், காட்சி கதைக்கு ஏன் அவசியம் என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். பிராண்ட் பெயரும், புகையிலைப் பொருளின் குளோசப்பும் கூடாது.

எங்கள் கருத்து: மாமா பீடி பிடிப்பது பாத்திரத்துக்கு ஒரு "லுக்" கொடுக்க மட்டும் என்றால் எடுத்துவிடுங்கள், கையில் டீ கிளாஸ் போதும். படமே பீடி சுற்றும் அம்மாவைப் பற்றியது என்றால் தயங்காமல் வைத்துக்கொண்டு, எச்சரிக்கைக்கான இடத்தை எடிட்டிலேயே திட்டமிடுங்கள். காட்சி மாறும் ஒரு இருட்டுப் புள்ளியை நடுவில் அமைத்தால் இடையூறு குறையும். புகையிலையின் கேடுகளைத் தெளிவாகச் சொல்வதற்கென்றே எடுக்கப்படும் ஆவணப்படங்களுக்கு விதியில் விலக்கு உண்டு. தொழிலாளர் வாழ்க்கை பற்றிய பொதுவான ஆவணப்படம் தானாக அதில் அடங்காது.

*கொடை.* சுடலைமாடன் கொடையை எடுக்காத நெல்லை மாணவர் குழு குறைவு. கணியான் கூத்து, வில்லுப்பாட்டு, சாமியாடும் கோமரத்தாடியின் ஆட்டம், வேட்டை எல்லாமே திரைக்குப் பிறந்தவை. ஆடு, சேவல் காவு கொடுப்பதை நேரடியாக எடுக்காதீர்கள். எந்த வகை கேட்டாலும், ஏ கேட்டாலும்கூட, நிஜ விலங்கின் சாவைக் காட்டும் ஷாட் நிற்காது. அருவா உயர்வது, மகுடம் என்ற தோல்கருவியின் அடி ஏறுவது, கூட்டத்தில் ஒரு சிறுமி கண்ணை மூடுவது, அடுத்து தரையில் உருளும் எலுமிச்சை: இதுவே காவு. மகுடம் சட்டென நிற்கும் அந்த ஒரு நொடி மௌனம் ரத்தத்தைவிட அதிகம் சொல்லும்.

விலங்கை நடிக்க வைத்தால், அது உங்கள் வீட்டுக் கோழியாக இருந்தாலும், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டும். படம் முடிந்ததும் காட்சிகளைக் காட்டித் தடையில்லாச் சான்று பெற வேண்டும். முன்னனுமதி இல்லாமல் எடுத்துவிட்டுப் பின்னால் சான்று கேட்டால் அங்கேயே மாதக்கணக்கில் நிற்கும். வாரியத்தின் தலைமையகம் 2018இல் சென்னையில் இருந்து ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறிவிட்டது; பழைய சென்னை முகவரிக்கு அனுப்பாதீர்கள். கணினியில் உருவாக்கிய விலங்கு என்றால் அதை அறிவிப்பாகப் போட வேண்டும்.

கொடையில் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டு உங்கள் லைவ் சவுண்டில் ஏறியிருந்தால் அது பதிப்புரிமைச் சிக்கல். அந்த இடத்துக்கு நாதஸ்வரமோ மகுடமோ தனியாகப் பதிவு செய்து போடுங்கள்.

*அருவா.* ஆயுதம் ஃபிரேமில் இருப்பதால் மட்டும் ஏ வராது. வாழைத்தார் வெட்டும் அருவா யு படத்திலும் இருக்கலாம். யார் கையில் இருக்கிறது, படம் அதை எப்படிப் பார்க்கிறது என்பதே கேள்வி. பள்ளிச் சீருடைப் பையன் புத்தகப் பையில் இருந்து அருவாவை எடுக்கும் ஷாட்டை ஸ்லோ மோஷனிலும் பின்னணி இசையிலும் கொண்டாடினால் குழுவின் கவலை நியாயமானது. அதே ஷாட்டை இசை இல்லாமல், அவன் கை நடுங்குவதோடு காட்டி, அடுத்த காட்சியில் ஒரு வீட்டின் இழப்பைக் காட்டினால் படத்தின் பொருளே மாறுகிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் சாதிக் காரணமாக வெட்டிய நிகழ்வுக்குப் பிறகு, பள்ளி மாணவர்களிடையே சாதி பற்றி ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இந்த மண்ணில் இருந்து அதைப் பற்றிப் படம் எடுக்க வேண்டியது உண்மையிலேயே அவசியம். யு வேண்டும் என்பதற்காக அந்தக் கதையை மழுப்பாதீர்கள். யு/ஏ 16+ வாங்கினாலும் பள்ளிப் பிள்ளைகள் பெற்றோரோடு வந்து பார்க்கலாம்.

சாதிப் பெயரை வசனத்தில் சொல்லாமல் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தில், உட்காரும் பெஞ்சில், தண்ணீர் குடிக்கும் இடத்தில் காட்டுங்கள். ஒலியை அடைக்கச் சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. நிஜ சாதிச் சங்கக் கொடி, நிஜ ஊர்ப் பெயர்ப் பலகை, கடைப் பெயர் பின்னணியில் தெரிகிறதா என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள்.

*பேச்சு.* "ஏலே", "என்னலே" எல்லாம் வசை இல்லை என்று நமக்குத் தெரியும். "சவத்து மூதி" என்று ஆச்சி பேரனைக் கொஞ்சலாகத் திட்டுவதும் தெரியும். சென்னையில் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தோடு தரும் வசனப் பிரதியில் வட்டாரச் சொற்களுக்கு ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். உண்மையான கெட்ட வார்த்தைகளுக்கு, உதடு தெரியாத கோணத்தில் ஒரு டேக் கூடுதலாக எடுத்தால் பின்னால் டப்பிங்கில் மாற்றலாம். உதடு தெரிந்தால் "மியூட்" செய்த ஓட்டை படம் முழுக்கக் காதில் இடிக்கும்.

*ஆறு.* தாமிரபரணிப் படித்துறையில் குளிப்பது அழகு. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இருந்து தலைகீழாகக் குதிப்பது, சுழல் உள்ள இடத்தில் பந்தயம் கட்டி நீந்துவது இரண்டும் சின்னப் பிள்ளைகள் பார்த்த மறுநாளே செய்து பார்க்கக்கூடியவை. மாணவர் குழுக்கள் வன்முறையில் காட்டும் கவனத்தை இதில் காட்டுவதில்லை. யு/ஏ 7+ இலக்கு என்றால் இப்படிப்பட்ட சாகசத்துக்கு விளைவு ஒன்று படத்தில் இருக்க வேண்டும். அல்லது பெரியவர் ஒருவர் தடுக்க வேண்டும். தற்கொலை கதையில் வந்தால் முறையைக் காட்டவே வேண்டாம். பொருள், அளவு, இடம் எதுவும் விளக்கமாகத் தெரியக் கூடாது. இது சான்றிதழுக்காக மட்டும் சொல்வது இல்லை. பார்க்கிறவர்களில் மனம் உடைந்த ஒருவர் இருக்கலாம்.

*குழந்தை நடிகர்கள்.* 14 வயதுக்குக் கீழ் உள்ளவர் நடித்தால் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்; நெல்லைக்காரர்களுக்கு அது கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு கட்டாயம்.

ஐந்தாம் படி: இலக்கு வகையைத் தேர்ந்தெடுப்பது

சட்டப் புத்தகத்தில் இல்லாத, நடைமுறையில் கைகொடுக்கும் கணிப்பு இது. குடும்பத்தோடு எந்த வயதுப் பிள்ளையும் பார்க்கலாம், பயமோ அடியோ இல்லை என்றால் யு. லேசான பயம், ஒரு சண்டை, ஒரு மரணச் செய்தி என்றால் 7+. ரத்தம் இல்லாத அடிதடி, காதல், குடிகாரத் தந்தை, சாதி அவமானம் கதையின் மையத்தில் இருந்தால் 13+. கொலையின் கனம், பாலியல் துன்புறுத்தலின் சாயல், தற்கொலை, கடுமையான வசவு என்றால் 16+. இதையும் தாண்டிக் காட்சிகள் நேரடியாக இருந்தால் ஏ.

பயத்தினால் யுவைத் துரத்துவது மாணவர் படங்களைப் பாழாக்கும் பழக்கம். குடிகார அப்பாவைப் பற்றிய படத்தில் பாட்டிலையே காட்டாமல், அடியையும் காட்டாமல், கடைசியில் ஒரு அறிவுரையோடு முடித்தால் யு கிடைக்கும், படம் மிஞ்சாது. கதை 13+ கேட்டால் 13+ கேளுங்கள்.

முடிவு செய்த பிறகு, நண்பர்கள் அல்லாத ஐந்தாறு பேருக்கு ரஃப் கட்டைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பள்ளி ஆசிரியர், ஓர் அம்மா, ஒரு தாத்தா என்று கலவையாக இருக்கட்டும். "நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள். "உங்க எட்டாங்கிளாஸ் பிள்ளைய இதுக்குக் கூட்டிட்டு வருவியளா? எந்த இடத்துல யோசிச்சிய?" என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே இடத்தைச் சொன்னால் குழுவும் அங்கேதான் நிற்கும்.

ஆறாம் படி: விண்ணப்பம்

தணிக்கை வாரியம் என்று நாம் சொல்லும் மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் தலைமையகம் மும்பை. மண்டல அலுவலகங்கள் ஒன்பது. திருவனந்தபுரம் நமக்குப் பக்கம் என்றாலும் தமிழ்ப் படங்கள் வழக்கமாகச் சென்னை மண்டலத்துக்கே போகின்றன. விண்ணப்பம் இ-சினிபிரமாண் இணையதளத்தில். தயாரிப்பாளர் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும். தயாரிப்பாளர் கல்லூரியா, மாணவரா என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். சான்றிதழ் அந்தப் பெயரில்தான் வரும், பின்னால் உரிமைத் தகராறு எழுவது இங்கிருந்துதான்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: கதைச் சுருக்கம், நடிகர்–தொழில்நுட்பக் கலைஞர் பட்டியல், முழு வசனம், பாடல் வரிகள், விலங்குகள் நல வாரியச் சான்று, புகையிலைக் காட்சிக்கான விளக்கம், கேட்கும் வகை. வசனப் பிரதி படப்பிடிப்புக்கு முந்தைய ஸ்கிரிப்டாக இருக்கக் கூடாது. இறுதி எடிட்டைக் கேட்டுக் கேட்டு எழுதிய பிரதியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வரும். கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள். திரையிடும் அரங்கின் செலவும் உங்களுடையதே என்பதால் பட்ஜெட்டில் அதற்குத் தனி வரி போடுங்கள்.

திரையிடலுக்கு டிசிபி கோப்பு (தியேட்டர் புரொஜெக்டரில் ஓடும் டிஜிட்டல் பிரதி) கேட்கப்பட்டால் ஒலி, வசன வரிகள், நீளம் மூன்றையும் ஒரு தியேட்டரில் ஓட்டிப் பார்த்த பிறகே நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். லேப்டாப்பில் ஓடுவது புரொஜெக்டர் சர்வரில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மற்றொரு ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதியும் இருக்கட்டும்.

காலம்: திரையிடும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பாவது விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். அவசரம் என்றால் முன்னுரிமைத் திரையிடலுக்கு 2024 விதிகளில் வழி உண்டு. அதற்குக் கூடுதல் கட்டணம்.

ஏழாம் படி: குழுவின் முன்னால்

பரிசோதனைக் குழு படம் பார்க்கும்போது நீங்கள் அரங்குக்குள் இருக்க முடியாது. பார்த்து முடித்ததும் கூப்பிட்டு, வகை, மாற்றங்கள் பற்றிப் பேசுவார்கள். உங்கள் காட்சித் தாள் அப்போது கையில் இருக்க வேண்டும். "நாங்க மாணவர்கள், பார்த்துக் கொடுங்க" என்று கெஞ்சுவதும், "கருத்துச் சுதந்திரம்" என்று குரல் உயர்த்துவதும் பயன் தராது. "11ஆம் காட்சியில் அடி ஷாட்டில் இல்லை, ஒலி மட்டும், 13ஆம் காட்சியில் அண்ணன் வருந்துகிறான், ஒட்டுமொத்தத் தாக்கம் இது" என்று சொல்ல முடிந்தால் கேட்பார்கள்.

வெட்டச் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். நொடிக் கணக்கு, வசனம், மியூட்டா மாற்றுச் சொல்லா என்பது தெளிவாக இருக்க வேண்டும். மாற்றி அளித்த பிறகு சான்றிதழ் வரும். அதன் பின்பக்கத்தில் வெட்டுகளின் பட்டியல் இருக்கும். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். அதற்கும் மேல், 2021 வரை தனித் தீர்ப்பாயம் இருந்தது. அது கலைக்கப்பட்டதால் இப்போது நேரே உயர் நீதிமன்றம்தான். மாணவர் குழுவுக்கு அது நடைமுறையில் பெரிய செலவு என்பதால், மறுஆய்வு வரைக்கும் நன்றாகத் தயாராவதே புத்திசாலித்தனம்.

2023 திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. முன்பு பத்து ஆண்டுதான். ஆனால் சான்றிதழ் அவர்கள் பார்த்த அந்த எடிட்டுக்குத்தான். பிறகு ஒரு ஷாட்டைச் சேர்த்தாலும், வெட்டியதைத் திருப்பி வைத்தாலும் அது சட்டப்படி திருத்தம். வாரியத்துக்குச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அதனால் சான்றிதழ் பெற்ற கோப்பைத் தனி ஃபோல்டரில் பூட்டி, "சான்று பெற்ற பிரதி" என்று பெயரிட்டு வையுங்கள். படத்தின் தொடக்கத்தில் சான்றிதழும், போஸ்டரில் வகையும் இடம்பெற வேண்டும். தியேட்டரில் போட நினைக்கும் டிரெய்லருக்குத் தனிச் சான்றிதழ்.

சான்றிதழ் வாங்காத வகுப்புப் படத்துக்கு வயது குறிக்க விரும்பினால், வாரியத்தின் சின்னமோ சான்றிதழ் அட்டையைப் போன்ற வடிவமோ எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். "மாணவர் குழுவின் பரிந்துரை: 13 வயதுக்கு மேல், அடிதடி, கடும் வசவு" என்று வெறும் எழுத்தில் ஒரு கார்டு போட்டால் தேர்வாளருக்கும் உங்கள் வேலை புரியும். ஏன் 13 என்பதற்குக் காட்சித் தாளை ரெக்கார்டு நோட்டில் ஒட்டுங்கள்.

யூடியூபும் வெளிநாட்டு விழாக்களும்

யூடியூபில் ஏற்றும்போது "குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு, குழந்தை நடித்திருப்பதால் மட்டும் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள், கருத்துப் பகுதி மூடிவிடும். படம் யாரை நோக்கி எடுக்கப்பட்டது என்பதே அளவுகோல். ஏ அளவிலான படம் என்றால் 18+ கட்டுப்பாட்டை நீங்களே போடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்துப் போடும்வரை காத்திருந்தால் சேனலுக்குக் குறிப்பு விழலாம்.

வெளிநாட்டு விழாப் படிவத்தில் வயது கேட்டால் இந்திய வகையை அப்படியே பெயர்த்து எழுதாதீர்கள். பிரிட்டனில் யு, பிஜி, 12ஏ, 15, 18 என்று போகிறது. அங்கே தியேட்டரில் 12ஏ என்றால் 12க்குக் கீழ் உள்ளவர் பெரியவரோடுதான் வர முடியும், 15 என்றால் அதற்குக் கீழ் யாரும் வர முடியாது. அமெரிக்காவில் பிஜி-13 எச்சரிக்கை மட்டும். ஆர் என்றால் 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் பெற்றோரோடு வரலாம். எனவே நம் யு/ஏ 16+ஐ பிரிட்டன் விழாவுக்கு 15 என்று நிரப்பினால் பள்ளி மாணவர் பிரிவில் இருந்தே படம் வெளியேறிவிடலாம். எண்ணுக்குப் பதிலாகக் காட்சிகளைச் சொல்லுங்கள்: ஒரு குழந்தையை அடிக்கும் ஒலி, ஒரு விலங்குப் பலியின் சாயல், ரத்தம் இல்லை. வயதை அவர்களே நிர்ணயிப்பார்கள்.